பதினோராம் படுக்கைக்கு ஆள் இல்லை

எங்கள் வார்டில் பன்னிரண்டு படுக்கைகள். ஏழில் பொம்மைகள், ஐந்தில் மனிதர்கள். எந்தப் படுக்கையில் எது என்பது முழுதாக இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் நிலையத்தின் தலைவர் டாக்டர் மெஹருன்னிசா. இன்னொருவன் நான். என் பெயர் செல்வின். பொம்மைகளைப் பழுது பார்ப்பதும், அவற்றுக்கு நோயும் குணமும் எழுதுவதும் என் வேலை. வார்டில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'பொம்மை சார்', முதுகுக்குப் பின்னால் வெறும் 'பொம்மை'.

பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் பயிற்சி நிலையம். எழுந்து நடமாட முடியாத முதியவர்களைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆட்களைப் பழக்குகிறோம். 2064-இல் தமிழ்நாட்டில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும், கிழவர் கிழவிகளுக்குப் பஞ்சமே இல்லை. பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அதனால் அரசாங்கம் இரண்டு வருட அப்ரண்டிஸ் திட்டம் போட்டது. ஆரம்ப காலத்தில் முதல் வருடம் பொம்மையிடம் பழகிவிட்டு, இரண்டாம் வருடம் மனிதரிடம் போவார்கள். பொம்மையைப் புரட்டிப் பழகிய கை மனிதரையும் அப்படியே புரட்டியது. கிழவர்கள் அலறினார்கள். அப்போதுதான் யாரோ ஒரு பெரிய மனிதருக்கு யோசனை வந்தது: இரண்டையும் கலந்து போடுவோம், எது எதென்று சொல்ல வேண்டாம், எல்லாரையும் மனிதராக நினைத்துத்தானே ஆக வேண்டும்? நல்ல யோசனைதான். ஒன்பது வருடம் இந்த வேலை பார்த்த பிறகு எனக்குக் கெட்ட யோசனைகளைவிட நல்ல யோசனைகளிடம்தான் பயம் அதிகம்.

பொம்மை என்றால் திருவிழாக் கடையில் தொங்குகிற பொம்மை இல்லை. தொட்டால் சூடு இருக்கும். தோல் சுருங்கும். மூத்திரம் போகும், முனகும், மருமகளைத் திட்டும். ஊசியை இடம் மாற்றிக் குத்தினால் கை வீங்கும். கவனிக்காமல் விட்டால் புண் வரும், புண் நாறும். அதற்கும் மேலே விட்டால் செத்தும் போகும்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் வகுப்பு நான்தான் எடுப்பேன். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் மதுவர்ஷினி. மற்றவர்கள் எல்லாம் பத்தொன்பது, இருபது. இவளுக்கு முப்பத்தாறு. கங்கைகொண்டான் பக்கம் ஒரு கிடங்கில் பதினாறு வருடம் பார்சல் கட்டியவள். அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதும் இங்கே வந்தாள். நாற்பது வயதுக்குள் சான்றிதழ் வாங்கினால்தான் பதிவேட்டில் பெயர் ஏறும் என்று ஒரு விதி. எனவே அவளுக்கு இதுதான் கடைசி வண்டி.

"சார், ஒரு சந்தேகம்" என்று எழுந்தாள்.

"கேளுங்க."

"நாங்க தப்பு பண்ணி ஒரு ஆளு செத்துப்போனா, அது பொம்மையா மனுசனான்னு பொறவாவது சொல்லுவீங்களா?"

"மாட்டோம்."

"எப்பவுமேயா?"

"எப்பவுமேதான். பொம்மைதானேன்னு ஒருத்தருக்கு ஆறுதல் சொன்னா, அடுத்தவங்களுக்குத் தைரியம் வந்துரும்."

"அப்பம் எப்படி சார் தூக்கம் வரும்?"

"தப்பு பண்ணாம இருந்தா நல்லா வரும்மா."

வகுப்பு சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது. கை அப்படி ஒரு கை. ஆளைப் படுக்கையில் வைத்துக்கொண்டே கீழே விரிப்பை மாற்றுவாள். ஒரு சுருக்கம் இருக்காது, ஆளுக்கும் நோகாது. இரண்டு வருடத்தில் ஒரு குறை அவள் பெயரில் எழுதப்படவில்லை. சான்றிதழுக்கு ஒரு மாதம்தான் பாக்கி.

ஒளித்து வைத்தால் தேடத்தான் செய்வார்கள். அப்ரண்டிஸ்களுக்கு வார்டில் உண்மையான பாடம் எது என்றால், எது பொம்மை என்று கண்டுபிடிப்பதுதான். கண் சிமிட்டுவதை எண்ணினார்கள். கொட்டாவி விட்டுப் பார்த்தார்கள், பதிலுக்குக் கொட்டாவி வருகிறதா என்று. ஒவ்வொன்றாக நானும் அடைத்துக்கொண்டே வந்தேன். என்னால் சுலபமாக அடைக்க முடியாத ஓட்டை ஒன்றே ஒன்றுதான். நம் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் துணைக்கு இரண்டு பேராவது வருவார்கள். ஒருவர் பிளாஸ்க்கோடு வருவார், ஒருவர் பஞ்சாயத்தோடு வருவார். பொம்மைக்கு யார் வருவார்கள்? முதல் வருடத்து அப்ரண்டிஸ்கள் ஒரே வாரத்தில் ஏழு பொம்மைகளையும் எண்ணிச் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் துணையாட்களை வேலைக்கு எடுத்தோம். வாய் திறப்பதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பொம்மைகளுக்கு உறவினராக வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். யார் யாருக்கு என்ன உறவு, என்ன பேச வேண்டும் என்றெல்லாம் எழுதிக் கொடுப்பது நான். மூன்றாம் படுக்கைக்கு ஒரு மைத்துனர்: எதைக் கொடுத்தாலும் 'எங்க ஊர்ல இது இன்னும் நல்லாருக்கும்' என்று சொல்கிறவர். எட்டாம் படுக்கைக்கு இரண்டு மகள்கள்: ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், ஆனால் ஒரு நாள் தவறாமல் வருகிறவர்கள். நாய் வேஷம் போட்டால் குரைக்க வேண்டும் என்பது போல அவர்களும் நன்றாகவே குரைத்தார்கள். ஒரு முறை எட்டாம் படுக்கையின் மகள்களை ஒரு அப்ரண்டிஸ் ஓரமாகக் கூட்டிப் போய்ச் சமாதானம் பண்ணி வைத்தாள். அன்றைக்கெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மனிதர்கள் ஐந்து பேருக்கும் உறவினர்கள் தாங்களாகவே வருவார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஒன்பது வருடம் அப்படித்தான் வந்தார்கள்.

இசக்கிராஜ் என்பவர் பதினோராம் படுக்கைக்கு வந்தார். வயது எழுபத்தொன்பது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனவர். தானாகப் புரண்டு படுக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கொண்டுவந்து சேர்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வண்டியில் வேலைக்குப் போய்விட்டார். வார்டில் பொம்மைகளும் கலந்திருக்கும் என்று சேர்க்கும்போதே நோயாளிகளிடம் சொல்லிவிடுவோம். ஒரே மகள் நார்வேயில். அதன் பிறகு அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. மதியம் பன்னிரண்டு மணியானால் வார்டு முழுக்கத் தூக்குச்சட்டி திறக்கிற சத்தமும் ரசத்தின் வாசனையுமாக இருக்கும். பதினோராம் படுக்கையில் மட்டும் நிலையத்துச் சாப்பாடு. பக்கத்தில் ஸ்டூல் காலி.

மூன்றாம் நாள் டீ குடிக்கும் இடத்தில் அப்ரண்டிஸ்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஜெஃப்ரின் என்ற பையன் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தான்: "நம்ம ஊர்ல ஆளே வராத பேஷண்ட் உண்டாக்கும்? பதினொண்ணு பொம்மைதான். பொம்மை சார்கிட்ட சொந்தக்காரங்க ஸ்டாக் தீந்துபோச்சு போல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். ரகசியம் பத்திரமாக இருக்கிறது, அதுவும் தலைகீழாக இருக்கிறது என்று ஒரு சந்தோஷம். அவருக்கு ஒரு துணையாளை அனுப்பினால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. மனிதருக்கு வேஷக்காரரை அனுப்ப விதியில் இடமில்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு எட்டாம் படுக்கையின் மகள்கள் சண்டை போடுவதை எழுத வேண்டியிருந்தது.

பதினோராம் படுக்கை வர்ஷினியின் பொறுப்பு. எழுந்திருக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இடப்பக்கம், வலப்பக்கம் என்று திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தானே திருப்புகிற மெத்தைகள் எங்களிடம் இருக்கின்றன. ஆனால் கை பழக வேண்டுமே என்று காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை அவற்றைப் பூட்டி வைத்திருப்போம். மெத்தை அசைந்தால் அது திருப்பியதாகப் பதிவாகும். யார் அசைத்தது, எதற்கு அசைத்தது என்று மெத்தைக்குத் தெரியாது. விரிப்பின் ஓரத்தைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் போதும். இது எல்லா அப்ரண்டிஸ்களுக்கும் தெரிந்த வித்தை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்குப் பதினோராம் படுக்கையிலிருந்து காய்ச்சல் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. டாக்டர் மெஹருன்னிசா வந்தார். நானும் போனேன். வர்ஷினி கையுறையோடு நின்றுகொண்டிருந்தாள். டாக்டரே அவரைப் பிடித்து ஒருக்களித்துப் படுக்க வைத்தார். முதுகுக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், ஒரு டம்ளர் வாய் அளவுக்குப் புண். நாற்றம் வந்தது. இசக்கிராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். டாக்டர் ஒரு வார்த்தையும் பேசாமல் புண்ணைச் சுத்தம் செய்தார். அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

மாடிப்படியில் வர்ஷினி என் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"சார்... பதினொண்ணு..."

"அதைச் சொல்லக் கூடாதும்மா. உங்களுக்கே தெரியும்."

"வாயால சொல்ல வேண்டாம் சார். தலையை மட்டும் ஆட்டுங்க."

நான் தலையை ஆட்டவில்லை. கழுத்து வலிக்கிற அளவுக்கு அசையாமல் நின்றேன்.

"நாத்தம் வந்துச்சு சார். பொம்மைக்கும் நாத்தம் வருமா?"

"வரும்."

அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொன்னது பொய்தான். விசாரணை தொடங்கும் வரை வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அதற்கு மூன்றாம் நாள் விசாரணை வைத்தார்கள். அதுவரை அந்த 'வரும்' என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் வார்டில் நடமாடியதை நான் பார்த்தேன். ஒவ்வொரு படுக்கையையும் மணிக்கு ஒரு தரம் திருப்பிக்கொண்டிருந்தாள். சும்மா விடச்சொல்லி மூன்றாம் படுக்கை மைத்துனரே சத்தம் போட்டார். அது நான் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை.

விசாரணை டாக்டரின் அறையில் நடந்தது. டாக்டர், வர்ஷினி, நான், மூன்று பேர்தான்.

"முதல்ல ஒண்ணைச் சொல்லிடறேன்" என்றார் டாக்டர். "வகுப்புல என்ன சொன்னாலும், விசாரணைன்னு வந்தா மட்டும் சொல்லலாம்னு விதியில இருக்கு. இசக்கிராஜ் மனுஷர்."

வர்ஷினி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. "பொழைச்சுக்கிடுவாரா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

"பிழைச்சுக்குவார். புண் ஆற மூணு மாசம் ஆகும். நடக்கறது அதுக்கப்புறம்தான்."

ஒவ்வொரு படுக்கையிலும் ஒலிப்பதிவு உண்டு. புகார் வந்தால் ஒழிய யாரும் கேட்க மாட்டோம். நாலாம் நாள் பதிவை டாக்டர் ஓடவிட்டார். முதலில் பாத்திரச் சத்தம். தூரத்தில் எட்டாம் படுக்கையின் மகள்கள் யார் கொண்டுவந்த கஞ்சி முதலில் என்று தகராறு செய்துகொண்டிருந்தார்கள். பிறகு வர்ஷினியின் குரல், தணிவாக.

"ஐயா, ஒண்ணு கேக்கேன். கோவப்படக் கூடாது."

"கேளும்மா."

"நீங்க பொம்மையா, மனுசனா?"

எட்டாம் படுக்கையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது.

"பொம்மதாம்மா."

"நெசமாவா சொல்லுதிய?"

"பின்ன என்ன? உள்ள பூரா வயருதான். எனக்கு ஒண்ணும் செய்யாண்டாம். நீ போயி ஆளா இருக்கவுகளைப் பாரு."

டாக்டர் பதிவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "செல்வின், உங்க பொம்மைங்க இப்படிச் சொல்லுமா?"

"சொல்லாது மேடம்."

"ஏன்?"

"நீ பொம்மையான்னு கேட்டா கோபப்படணும், இல்லேன்னா அழணும், இல்லேன்னா மகன் வரட்டும் சொல்லுதேன்னு மிரட்டணும். அப்படித்தான் ஆக்கி வச்சிருக்கேன். ஆமாங்கிற பதில் மட்டும் அதுகளுக்கு வராது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அந்த வார்டில் 'நான் பொம்மை' என்று ஒருவர் சொன்னால் அவர் மனிதராகத்தான் இருக்க முடியும். இது அப்ரண்டிஸ்களுக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்று கட்டிக் காத்தவனே நான்தான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் இவளைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. இந்த மாவட்டத்தில் இப்படி ஒரு கை கிடைக்காது என்று அவருக்கும் தெரியும்.

"பாருங்க மதுவர்ஷினி. நோயாளியே தவறான தகவல் கொடுத்திருக்கார். அதை நீங்க நம்பியிருக்கீங்க. கேட்டது விதிமீறல்தான். ஆனா கவனிக்காம விட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. அப்படியே எழுதிடறேன். சான்றிதழ் ரெண்டு மாசம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். சரியா?"

சரி என்று சொன்னால் போதும். நான் மனதுக்குள் 'சொல்லு, சொல்லு' என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

"நான் கேட்டது நாலாம் நாள் மேடம்" என்றாள் வர்ஷினி.

"அதனால?"

"திருப்பாம விட்டது ரெண்டாம் நாள்லேர்ந்தே. விரிப்பைச் சுண்டி விட்டுட்டு இருந்தேன்."

டாக்டர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஆளு வரலை, அதனால பொம்மைன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அப்படியும் மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஆமான்னு ஒரு வார்த்தை அவர் வாயால வந்துட்டா உறுத்தாதுன்னுதான் கேட்டேன். அவரும் சொல்லிட்டாரு. அவர் மேல எழுதிராதீங்க மேடம்."

"பொம்மையா இருந்தாலும் திருப்பணும்கிறதுதானே பாடம்?"

"பாடம் தெரியும் மேடம். ரெண்டு வருசமா எங்க புத்தி பூரா எது பொம்மைன்னு கண்டுபிடிக்கிறதுலதான் போச்சு. அதுல நான்தான் கெட்டிக்காரின்னு வேற பேரு."

அவள் இதை அழுதுகொண்டு சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிடங்கில் எத்தனை பெட்டி சேதம் என்று மேலாளரிடம் சொல்வது போலச் சொன்னாள்.

டாக்டர் நெடுநேரம் எழுதினார். பிறகு வாசித்தார். சான்றிதழ் கிடையாது. விலக்கவும் இல்லை. முதல் மாதத்திலிருந்து மறுபடியும் இரண்டு வருடம். முடிக்கும்போது அவளுக்கு நாற்பது ஆக மூன்று வாரம் பாக்கி இருக்கும். நடுவில் ஒரு நீண்ட காய்ச்சல் வந்தாலும் போச்சு.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். "முதல் மாசப் பாடத்தையும் மாத்தறேன். இனிமே சேர்ற எல்லாருக்கும்தான். ஊசி, தெர்மாமீட்டர் எதுவும் கையில எடுக்க வேண்டாம். துணைக்கு ஆள் இல்லாதவங்க பக்கத்துல போய் உக்காருங்க. அவங்களுக்கு நீங்கதான் ஆள். முதல்ல நீங்க ஆரம்பிங்க. பதினோராம் படுக்கையில, அவர் சம்மதிச்சா."

என்மேல் எதுவும் எழுதப்படவில்லை. நான் எந்த விதியையும் மீறவில்லை என்று டாக்டர் சொன்னார். ஏதாவது எழுதியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

துணையாள் என்று வந்துவிட்டால் அதற்கு ஒரு படிவம் உண்டு. படுக்கை எண், வரும் நேரம், உறவு. பொம்மைகளுக்கு நானே நிரப்பிவிடுவேன். மனிதருக்கு நிரப்புவது இதுதான் முதல் தடவை. மறுநாள் காலை படிவத்தை எடுத்துக்கொண்டு பதினோராம் படுக்கைக்குப் போனேன். வர்ஷினி வார்டின் வாசலில் நின்றுகொண்டாள். கூப்பிட்டால் வருகிறேன் என்றாள்.

இசக்கிராஜ் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். காய்ச்சல் இறங்கியிருந்தது. நான் யார் என்று சொன்னேன்.

"பொம்மைக்காரர் நீங்கதானா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் பிள்ளைக்கு என்னாச்சு?"

சொன்னேன்.

"அடப்பாவமே. நான் சொன்னேம்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம்லா அவ?"

"நீங்க ஏன் ஐயா அப்படிச் சொன்னீங்க?"

தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொன்னார்:

"மொத ரெண்டு நாளும் வாறவுக போறவுகல்லாம் கேட்டாவ, கூட யாரும் வரலையா தாத்தா, யாரும் வரலையான்னு. பதில் சொல்லி மாளலை. மூணாம் நாள் இங்க பழகுத பிள்ளைய எல்லாரும் பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு, இது பொம்மைன்னு. அதுக்குப் பொறவு ஒருத்தரும் கேக்கல. நல்லாத்தான் இருந்துச்சு. மனுசனுக்கு ஆளு வரலைன்னா ஊரு என்னவெல்லாமோ நெனைக்கும். பொம்மைக்கு ஆளு வரலைன்னா யாரு என்ன நெனைக்கப் போறா?"

"வலிச்சிருக்குமே ஐயா. கத்தியிருக்கலாமே."

"வலிச்சுது. ஆனா பொம்ம எம்புட்டுக் கத்தும்னு எனக்குத் தெரியாதுல்லா? கூடக் கொறைய கத்தி மாட்டிக்கிட்டேன்னா?" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு கண்ணால் எட்டாம் படுக்கையைக் காட்டினார். "அங்கன பாருங்க அந்த மனுசனை. ரெண்டு பொம்பளப் பிள்ளைய. சண்டை போட்டாலும் ஒருநா தவறாம வாராளுவ. குடுத்து வச்சவன்."

எட்டாம் படுக்கையில் இளைய மகள் பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தாள். மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தாள். எல்லாம் நான் எழுதியபடி. எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. எழுதிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"உங்களுக்கும் தினம் ஒரு ஆள் வரும் ஐயா. வர்ஷினிதான். உங்களுக்கு இஷ்டம் இருந்தா."

"அவளா?" யோசித்தார். "வரட்டும். நல்ல கைல்லா அது. மொத நாளு மட்டும் திருப்பிப் போட்டா பாருங்க, போட்டதே தெரியலை."

வாசலைப் பார்த்துக் கையைக் காட்டினேன். வர்ஷினி வந்து ஸ்டூலைப் படுக்கையின் தலைமாட்டில் போட்டாள். உட்காரவில்லை, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இசக்கிராஜ் அவளை ஒன்றும் கேட்கவில்லை. நான் படிவத்தை நீட்டி வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன்.

"உறவுன்னு ஒரு இடம் இருக்கு ஐயா. மகள்னு எழுதிரட்டுமா?" என்றேன். அவர் மனம் குளிரும் என்று நினைத்துத்தான் கேட்டேன். மகள்களை எழுதுவதில் எனக்கு நல்ல பேர்.

"ஐயய்யோ, அப்படி எழுதிராதீங்க" என்று பதறிவிட்டார். எழுந்திருக்கக்கூடப் பார்த்தார், வர்ஷினி தோளைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மக இருக்கா. நெசமாவே இருக்கா. நார்வேல உங்களை மாதிரி ஆஸ்பத்திரிலதான், பன்னெண்டு கெழவனுவளை ஒத்தையில பாத்துக்கிடுதா. லீவு கேட்டிருக்கா. இன்னைக்கோ நாளைக்கோ கெடைச்சு வந்து நின்னான்னு வையுங்க, இந்த இடத்துல வேற ஒருத்தி மகன்னு இருந்தா அவ எங்கன உக்காருவா?"

"அப்ப என்னன்னு எழுதட்டும்?"

"பக்கத்து வீடுன்னு எழுதுங்க."

எழுதினேன். வர்ஷினி தலைமாட்டில் போட்டிருந்த ஸ்டூலை எடுத்துக் கால்மாட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.